தோற்கும் கையைச் சரியாக ஆடுதல்

ஒருவர் எடுத்த முடிவு நல்லதா, கெட்டதா என்பதை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? பெரும்பாலும் அதன் பலனைக் கொண்டுதான். பலித்துவிட்டால் அவரைத் தொலைநோக்குடையவர் என்கிறோம். பொய்த்துவிட்டால் 'அப்போதே எனக்குத் தெரியும்' என்கிறோம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் வீடுகளில் நடக்கும் பேச்சும், கிரிக்கெட் தோல்விக்கு மறுநாள் தேநீர்க் கடையில் நடக்கும் அலசலும் இந்த ஓர் அளவுகோலையே நம்பியிருக்கின்றன. இந்த அளவுகோல் பிழையானது என்பது என் கருத்து. பிழையை வாதத்தால் மட்டுமன்றி எண்களாலும் காட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் பச்சைத் துணி விரித்த ஒரு மேசை. அதில் ஆடப்படும் சீட்டாட்டத்தின் பெயர் பிளாக்ஜாக்.

இலக்கிய அன்பர்கள் கூடும் பக்கத்தில் சூதாட்டம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சூதுக்கென்று தனி அதிகாரம் ஒதுக்கிக் கண்டித்த வள்ளுவரைப் பாடம் நடத்துபவன் நான். ஆட வருமாறு யாரையும் அழைக்கவில்லை. ஆனால் சூதைக் கண்டிக்கும் நம் மரபே அதை ஓர் அறிவுத் துறையாகவும் கண்டிருக்கிறது என்பதை நளன் கதையைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் மேசைக்குப் போவோம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், விடுதியின் சார்பில் ஆடும் டீலரின் தொகையை மிஞ்ச வேண்டும். 2 முதல் 10 வரை உள்ள சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா ஒவ்வொன்றும் பத்து. ஏஸ் நம் வசதிக்கேற்ப ஒன்று அல்லது பதினொன்று. நமக்கு இரண்டு சீட்டுகள் தரப்படும். டீலர் தமக்கு எடுத்துக்கொள்ளும் இரண்டில் ஒன்று திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். நாம் மேலும் சீட்டு கேட்கலாம், போதுமென்று நிற்கலாம், பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கலாம், இரண்டு சீட்டும் ஒரே மதிப்புடையவை என்றால் பிரித்து இரு கைகளாக ஆடலாம். தொகை 21ஐத் தாண்டினால் நாம் கவிழ்ந்தோம். டீலருக்கு இத்தகைய உரிமைகள் எவையும் இல்லை. 16 வரை அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்தால் நின்றே ஆக வேண்டும். ஏஸ் பதினொன்றாகச் சேர்ந்து அமையும் 17க்கு மட்டும் விதி மேசைக்கு மேசை மாறும்.

இவ்வளவு உரிமை நமக்கும் இவ்வளவு கட்டுப்பாடு டீலருக்கும் இருக்க, விடுதி எப்படிப் பிழைக்கிறது? ஒரே ஒரு விதியால். நாம் முதலில் ஆடி முடிக்க வேண்டும். நாம் கவிழ்ந்த கணத்தில் நம் பணம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு டீலரும் கவிழ்ந்தால் அது நமக்குத் திரும்பி வருவதில்லை.

இந்த நிலையில் இயல்பாகத் தோன்றும் வழிகள் இரண்டு. முதலாவது அஞ்சுபவரின் வழி: கவிழ்வதற்கு வாய்ப்புள்ள எந்த நிலையிலும் சீட்டு கேட்பதில்லை, 12 வந்தாலும் நின்றுவிடுவது. இரண்டாவது பின்பற்றுபவரின் வழி: விடுதிதானே வெல்கிறது, டீலர் ஆடுவதைப் போலவே நாமும் 16 வரை எடுத்து 17இல் நிற்போம் என்பது. இரண்டுமே அறிவுடைமை போலத் தோன்றுபவை. கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. அஞ்சுபவர் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக நான்கு ரூபாய் விடுதிக்குப் போகிறது. பின்பற்றுபவர் அதைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ ஐந்தரை ரூபாய் இழக்கிறார். வெல்பவரின் நடத்தையை நகலெடுப்பதால் வெற்றி வருவதில்லை. விடுதியின் வெற்றி டீலரின் சாமர்த்தியத்தில் இல்லை, அவருடைய முறை பிறகு வருவதில் இருக்கிறது.

மூன்றாவது வழி கணக்குப் பார்ப்பவரின் வழி. அதைத்தான் அடிப்படை உத்தி என்கிறார்கள். நம் கையிலுள்ள தொகை, டீலரின் திறந்த சீட்டு ஆகிய இரண்டை மட்டும் கொண்டு, ஒவ்வொரு நிலைக்கும் எந்தச் செயல் சராசரியில் மிகுந்த நன்மையையோ மிகக் குறைந்த தீமையையோ தரும் என்று முன்கூட்டியே கணித்து வைத்த ஓர் அட்டவணை அது. இதைப் பின்பற்றுபவரின் இழப்பு, வழக்கமான நல்ல விதிகள் உள்ள மேசையில், நூற்றுக்கு அரை ரூபாய் அளவில் நிற்கிறது.

இந்த அட்டவணையை முதன்முதலில் முறையாகக் கணித்து வெளியிட்டவர்கள் சூதாடிகள் அல்லர். 1950களில் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்தில் பணியாற்றிய நான்கு இளைஞர்கள்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மட். அவர்களிடம் இருந்தவை மேசைமேல் வைத்துத் தட்டும் கணக்குப் பொறிகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு, ஓய்வு நேரங்களில், ஒவ்வொரு கைக்கும் டீலரின் ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரான நிகழ்தகவைக் கணக்கிட்டார்கள். 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. பின்னர் கணினிகள் வந்து அதே வேலையைச் செய்தபோது, அந்த நால்வரின் கைக்கணக்கு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது தெரியவந்தது.

அட்டவணையின் வரிகள் சிலவற்றைக் கூர்ந்து பார்த்தால், அவை சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசும்போதே மனித மனத்தைப் பற்றியும் பேசுவது புலப்படும்.

உங்கள் கையில் 16. டீலரிடம் திறந்திருப்பது 7. என்ன செய்வீர்கள்? சீட்டு கேட்டால் கவிழும் வாய்ப்பு பதின்மூன்றில் எட்டு. 6 முதல் ராஜா வரை எது வந்தாலும் போயிற்று. ஆகவே மனம் 'நில்' என்கிறது. அட்டவணையோ 'கேள்' என்கிறது. ஏனென்றால் 7ஐ வைத்திருக்கும் டீலர் கவிழ்வது நூற்றில் 26 முறைதான். மற்ற வேளைகளில் அவர் 17ஐயோ அதற்கு மேலோ எட்டிவிடுவார், 16 தோற்றுப்போகும். நூறு ரூபாய்க்குக் கணக்கிட்டால், நின்றால் சராசரி இழப்பு ஏறத்தாழ 48 ரூபாய். கேட்டால் 41 ரூபாய். இரண்டு வழியிலும் தோல்விதான். ஆனால் ஏழு ரூபாய் குறைவான தோல்வி ஒன்று இருக்கிறது. அடிப்படை உத்தியின் பெரும்பகுதி இந்த ஏழு ரூபாய்களால் ஆனது.

மனம் ஏன் நிற்கச் சொல்கிறது? கேட்டுக் கவிழ்ந்தால் நம் கையால் நாமே கெடுத்துக்கொண்டதாகிறது. நின்று தோற்றால் டீலர் வென்றதாகிறது. பணம் போவது இரண்டிலும் ஒன்றே. பழி மட்டும் இடம் மாறுகிறது. 2009இல் புரூஸ் கார்லின், டேவிட் ராபின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் லாஸ் வேகஸ் மேசைகளில் நடந்த ஆட்டங்களை ஆராய்ந்து, ஆட்டக்காரர்களின் தவறுகளில் பெரும்பங்கு செய்யாமல் விட்டதால் வந்தவை, செய்ததால் வந்தவை அல்ல என்று காட்டினார்கள். பழிக்கு அஞ்சி வாளாவிருப்பதற்கு நாம் கொடுக்கும் விலையை அங்கே எண்ணிப் பார்க்க முடிகிறது.

இதற்கு நேர்மாறான வரியும் உண்டு. உங்களிடம் 12, டீலரிடம் 6. இங்கே அட்டவணை 'நில்' என்கிறது. 6ஐ வைத்திருப்பவர் நூற்றில் 42 முறை கவிழ்வார். அவருடைய தடுமாற்றத்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கியிருப்பதே அறிவு. துணிவு எல்லா இடத்திலும் உயர்ந்ததும் அன்று, பொறுமை எல்லா இடத்திலும் உயர்ந்ததும் அன்று. எதிரில் இருப்பது எது என்பதே தீர்மானிக்கிறது. வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் அதிகாரங்கள் கண்ட மொழியினருக்கு இது புதிய செய்தியாக இராது. இங்கு அது பத்து வரி, பத்துப் பத்தி கொண்ட ஓர் அட்டவணையாகிவிட்டது என்பதே புதிது.

இரண்டு எட்டுகள் வந்திருக்கின்றன, டீலரிடம் பத்து. அட்டவணை 'பிரித்து ஆடு' என்கிறது. அதாவது, தோற்கப்போவதாகத் தெரியும் இடத்தில் இன்னொரு பந்தயத்தையும் வைக்கச் சொல்கிறது. புதிதாக ஆட வந்தவர் யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். சேர்த்து வைத்தால் அது 16. ஆட்டத்திலேயே மிக மோசமான தொகை. சீட்டு கேட்டாலும் நின்றாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 54 ரூபாய் போகும். பிரித்தால் இரண்டு கைகளிலும் சேர்த்து, முதலில் வைத்த நூறு ரூபாய்க்கு 48 அளவில் இழப்பு நிற்கிறது. பந்தயத்தை இரட்டித்தும் இழப்பு குறைகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மாலையில் பிரித்த இரண்டும் தோற்று, இருமடங்கு பணம் போவதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த முறை பிரிக்கத் தயங்குவார். கண்ணால் கண்டது எப்போதும் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மொழி ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த வரி வேறொன்று. டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், ஆட்டக்காரர்களைப் பார்த்து 'இன்சூரன்ஸ் வேண்டுமா?' என்று கேட்பார்கள். மூடிய சீட்டு பத்து மதிப்புடையது என்றால் டீலருக்கு 21 அமைந்துவிடும். அந்த ஆபத்துக்கு எதிராகப் பாதிப் பந்தயத்தை வைத்துக் காப்பீடு செய்துகொள்ளலாம், பலித்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். எவ்வளவு பொறுப்பான சொல்! ஆனால் ஒற்றைச் சீட்டுக்கட்டில் டீலரின் ஏஸை நீக்கினால் மீதி 51. அவற்றில் பத்து மதிப்புடையவை 16. ஆகவே 51 முறை காப்பீடு எடுத்தால் 16 முறை இரண்டிரண்டாக 32 வரும். 35 முறை ஒவ்வொன்றாகப் போகும். நிகர இழப்பு மூன்று, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. உங்கள் கையில் இரண்டு பத்துகள் இருந்தால் நிலை இன்னும் மோசம். எஞ்சிய 49இல் பத்துகள் 14 மட்டுமே. வரவு 28, செலவு 35. ஆனால் மக்கள் விரும்பிக் காப்பீடு எடுப்பது இந்த இருபதுக்குத்தான். 'நல்ல கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா' என்ற எண்ணம். உண்மையில் அது காப்பீடே அன்று. டீலரின் மூடிய சீட்டின்மீது வைக்கும் தனிப் பந்தயம். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. 'துணைப் பந்தயம்' என்று பெயரிட்டிருந்தால் அதில் பாதிப் பேர்கூடக் கைவைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சொல்லை நம்பிப் பொருளை ஆராயாமல் விடுவதன் விலையும் இந்த மேசையில் ரூபாய்க் கணக்கில் வந்து நிற்கிறது.

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன். ஒருவர் அட்டவணையை ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றி ஒரு மணி நேரம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்குப் பத்து டாலர்; 70 ஆட்டங்கள். அவருடைய சராசரி இழப்பு மூன்றரை டாலர்தான். ஆனால் அந்த ஒரு மணியில் நூறு டாலர் கூடுவதோ குறைவதோ மிகச் சாதாரணம். பக்கத்து இருக்கையில் மனம்போன போக்கில் ஆடுபவருக்குச் சராசரி இழப்பு இதைப்போல் நான்கு மடங்கு, 14 டாலர் என்று கொள்வோம். அவருக்கும் அதே நூறு டாலர் ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே அந்த மாலையின் முடிவில் சரியாக ஆடியவர் வெறுங்கையோடும் தவறாக ஆடியவர் புன்னகையோடும் எழுந்து போவது நாள்தோறும் நடப்பது. யாருடைய பையில் பணம் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பவருக்கு, யார் ஆடத் தெரிந்தவர் என்பது தெரியவே வராது. அரை சதவீதச் சராசரி, தற்செயலின் அலையளவுக்கு வளர வேண்டுமானால் ஏறத்தாழ 50,000 ஆட்டங்கள் ஆக வேண்டும். ஒரு மாலையில் நம்முன் இருப்பது எழுபது.

வாழ்க்கையில் நமக்குக் கிடைப்பவை எழுபதுகூட இல்லை. மேற்படிப்பு ஒருமுறை, தொழில் ஒன்றிரண்டு முறை, திருமணம் பெரும்பாலோருக்கு ஒருமுறை. அந்த ஒற்றைப் பலனைக் கொண்டு முடிவெடுத்தவரின் அறிவை அளக்கிறோம். 2000இல் கணினிப் பொறியியல் படிப்பைத் தேர்ந்த மாணவரை, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அத்துறை சரிந்தபோது உறவினர்கள் இரங்கிப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே துறை எழுந்தபோது அவரையே முன்னுதாரணம் ஆக்கினார்கள். அவர் எடுத்த முடிவு ஒன்றே. எடுத்தபோது அவருக்குத் தெரிந்திருந்தவையும் அவையே. மாறியது சீட்டு மட்டும்.

பழி சுமத்தும் நம் பழக்கத்தைப் பற்றியும் இந்த மேசை ஒன்று சொல்கிறது. டீலருக்கு முன்பாகக் கடைசியில் ஆடுபவரின் இருக்கைக்கு அங்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. அவர் ஒரு சீட்டு கேட்டு, அது பத்தாக வந்து, அடுத்த சீட்டால் டீலர் 21ஐ எட்டிவிட்டால், மேசை முழுவதும் அவர்மீது பாயும்: 'அந்தப் பத்தை நீ எடுக்காமல் இருந்தால் டீலர் கவிழ்ந்திருப்பார்!' கணக்குப்படி இதில் பொருளே இல்லை. வரவிருக்கும் சீட்டுகளின் வரிசை யாருக்கும் தெரியாது. அவர் எடுத்தது டீலரைக் கவிழ்க்கும் சீட்டாக இருந்ததைப் போலவே டீலரைக் காப்பாற்றும் சீட்டாகவும் இருந்திருக்கலாம். அவரால் மற்றவர்களுக்கு நீண்ட காலத்தில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் அவர் செயலால் நன்மை விளைந்த வேளைகளை ஒருவரும் நினைவில் வைப்பதில்லை. நம் குடும்பங்களில் 'இவள் வந்த நேரம்' என்று சொல்லப்பட்ட மருமகள்களின் வழக்கும் இதுதான். கடைசி இருக்கையில் யாரையேனும் உட்கார வைத்துவிடுகிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, அடிப்படை உத்தியின் எல்லையைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நெவாடாவின் விடுதிகளிலேயே, பரிசுப் பொருள் கடைகளில், இந்த அட்டவணையைச் சிறு அட்டையாக அச்சிட்டு விற்கிறார்கள். அதை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஆடவும் பெரும்பாலான விடுதிகள் அனுமதிக்கின்றன. தன்னைத் தோற்கடிக்கும் ஆயுதத்தை ஒரு வணிகர் தானே விற்பாரா? விற்கமாட்டார். அட்டவணை இழப்பைக் குறைக்கும், இழப்பை ஒழிக்காது. அரை சதவீதம் என்பது விடுதிக்குப் போதுமான கூலி.

விடுதி எந்த அறிவைப் பொறுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அபர்டீன் நால்வரின் கட்டுரையைப் படித்து அதில் ஆர்வம் கொண்ட எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஐ.பி.எம். 704 கணினியைக் கொண்டு, ஏற்கெனவே வெளியான சீட்டுகளை நினைவில் வைத்தால் மேலாதிக்கம் ஆட்டக்காரர் பக்கம் சாயும் வேளைகள் உண்டு என்று நிறுவினார். 1961இல் ஆய்வுக் கட்டுரையும் 1962இல் புத்தகமும் வெளிவந்தன. அப்படி எண்ணி ஆடுபவர்களை விடுதிகள் வெளியேற்றத் தொடங்கின. 1982இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில், சூதாட்ட ஆணையத்தின் விதி இல்லாமல் விடுதிகள் தாமாக அப்படி விலக்க முடியாது என்றது. விடுதிகள் என்ன செய்தன? கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின. முன்னதாகவே கலைத்துப் போட்டன. வருமானத்தைத் தொடாத அளவுவரை அறிவுக்கு வரவேற்பு. அந்தக் கோட்டைத் தாண்டினால் விதி மாறும்.

விதி மாறுவதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து 21 அமைந்தால் அதற்குப் பெயர்தான் பிளாக்ஜாக். பத்து டாலர் வைத்தவருக்குப் பதினைந்து டாலர் தருவது நெடுநாள் வழக்கம். 2000களில் லாஸ் வேகஸில் இதைப் பன்னிரண்டாகக் குறைத்த மேசைகள் பரவின. வெறும் மூன்று டாலர். ஆனால் அந்தக் கை ஏறத்தாழ 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவதால், விடுதியின் பங்கு 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. ஒருவர் அட்டவணையை மனப்பாடமாக ஓதினாலும், அந்த மேசையில் அமர்ந்த கணத்திலேயே தம் கல்வியின் பயனில் பெரும்பகுதியை இழந்துவிட்டார். ஆகவே மிக முக்கியமான முடிவு அட்டவணையில் இல்லை. எந்த மேசையில் அமர்வது, அமரத்தான் வேண்டுமா என்பதே அந்த முடிவு. அதற்கான விடையை அட்டவணையின் கணக்கு சொல்லாமலும் இல்லை: எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சராசரி விளைவு கழித்தல் குறியோடு வருகிறது.

'இது திறன் சார்ந்த விளையாட்டு' என்ற வாதத்தை நம் ஊரில் கேட்கும்போதெல்லாம் இந்தக் கழித்தல் குறிதான் எனக்கு நினைவு வரும். தமிழ்நாட்டில் 2022இல் இயற்றப்பட்ட இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்தவை எனப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறன் சார்ந்தவை என்று கூறி அந்தப் பட்டியலை விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறனா வாய்ப்பா என்று பாராமலே தடைசெய்தது. சட்ட நுணுக்கம் என் துறை அன்று. ஆனால் திறன் இருக்கிறது என்பதும் வெல்ல முடியும் என்பதும் இருவேறு செய்திகள். பிளாக்ஜாக்கில் திறனுக்கு இடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. நான்கு ரூபாய் இழப்பை அரை ரூபாய் ஆக்குவது சிறிய திறன் அன்று. அந்தத் திறன் முழுமை அடைந்த பிறகும் அரை ரூபாய் போகிறது. ஆட்டக்காரர்கள் தமக்குள் ஆடும் ரம்மியிலும், நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மீதி மேசைக்கு வருகிறது. 'உங்கள் திறமைக்குப் பரிசு' என்ற விளம்பரத்தைக் கண்டு கைப்பேசியில் பணம் கட்டிய இளைஞர்களுக்கு யாரேனும் இந்த இரண்டு செய்திகளையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நளன் கதைக்குத் திரும்புகிறேன். நாட்டை இழந்து, உருமாறி, இருதுபன்னனின் தேரோட்டியாக இருக்கிறான் நளன். வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் கனிகளையும் எண்ணாமலே தொகை சொல்கிறான் இருதுபன்னன். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தன் குதிரைக் கலையைக் கொடுத்து அந்த எண்கலையையும் சூதின் உள்ளறிவையும் பெறுகிறான். அதைப் பெற்றதும் கலி அவனை விட்டு நீங்குகிறான். நிகழ்தகவுச் சிந்தனையின் தோற்றத்தை ஆராய்ந்த இயன் ஹாக்கிங் 1975இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார். மரம் தான்றியாக இருப்பதும் தற்செயல் அன்று. பண்டைய இந்தியாவில் அதன் காய்களே சூதாடு கருவிகள்.

கதையில் அறிவு வந்ததும் வெற்றி வருகிறது; நளன் மீண்டும் ஆடி நாட்டை வெல்கிறான். மேசையில் நிற்கும் நமக்கு அந்தப் பின்பாதி கிடைப்பதில்லை. கலி நீங்குவது மட்டும் கிடைக்கலாம். கலி என்று நான் இங்கே சொல்வது, பலனைக் கண்டு அறிவை அளக்கும் அந்த மயக்கத்தைத்தான்.

வாழ்க்கைக்கு அட்டவணை கிடையாது என்பது மெய்யே. சீட்டுக்கட்டில் 52 என்று எண்ணித் தெரிந்திருக்கிறது. நம் நாள்களில் கட்டு எத்தனை, அதில் பத்துகள் எத்தனை என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அந்த அட்டவணையைக் கணித்த மனநிலையை எடுத்துவர முடியும். முடிவெடுத்தவரிடம் 'என்ன ஆயிற்று?' என்று கேட்பதற்கு முன் 'அப்போது உனக்கு என்ன தெரிந்திருந்தது?' என்று கேட்பது அதன் முதற்படி. தேர்வில் தவறிய பிள்ளையிடமும், நொடித்துப்போன நண்பரிடமும், நம்மிடமும் இந்த வரிசையில் கேட்டால் சில பழிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். வென்றவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அப்போது சில பாராட்டுகளும் உதிரும். அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.